அப்பாவின் மருந்துக் கடையும் என் கணிப்பொறியும்

பெங்களூரில் மருந்துக் கடைகளின் பெயர்ப் பலகைகளில் "கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்" என்று எழுதியிருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அடுகோடியில் என் அப்பா வேலை பார்த்த கடையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில், பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டார்கள். "கெமிஸ்ட்" என்றார் அப்பா பெருமையுடன். "அப்பாவும் கெமிஸ்ட், பொண்ணும் கெமிஸ்ட்டா? பொண்ணு எந்தக் கடையில?" என்று அவர்கள் கேட்க, காப்பித் தட்டோடு நின்ற நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை என்பது வேறு கதை.

நான் வேதியியல் படித்தவள். ஆனால் முப்பது ஆண்டுகளாகச் சோதனைக் குழாயைத் தொட்டதில்லை. கணிப்பொறியின் முன் அமர்ந்து, எந்த மூலக்கூறு மருந்தாகும், எது ஆகாது என்று கணக்குப் போடுவதே என் தொழில். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். "எங்கள் பிள்ளையும் இந்தப் படிப்புக்குப் போகலாமா?" என்று சங்கத்துக்கு வரும் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. பெருமையை மட்டும் எழுதப் போவதில்லை. இந்தத் தொழிலின் வலியையும் தெரிந்துகொண்டு பிள்ளைகள் வரட்டும்.

அடுகோடியில் ஒரு பள்ளிக்கூடம்

அப்பா 1959-இல் வாணியம்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்தார். அடுகோடி அப்போது தொழிலாளர் பேட்டை. மைக்கோ என்று எல்லோரும் சொன்ன மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் தொழிற்சாலை அங்கே இருந்தது. 2008-இல் அதற்கு பாஷ் என்று பெயர் மாறியது. இன்னொரு பக்கம் மத்திய அரசின் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம். 1927-இல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் அந்த நிலையத்துக்குச் சென்று மாடு வளர்ப்பைப் பாடமாகக் கேட்டார் என்பது எங்கள் பேட்டைக்காரர்கள் சொல்லி மகிழும் செய்தி. தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும். அப்பா நான்கிலும் "சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு வேளை" என்று சொல்வார்.

பள்ளி விட்டதும் நான் கடைக்குப் போய்விடுவேன். கத்திரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டுவதும், சிறிய காகித உறையில் வேளை எழுதுவதும் என் வேலை. நிம்ஹான்ஸ் பக்கத்தில் காசநோய் சானடோரியம் இருந்ததால், அந்த நோயாளிகள் எங்கள் கடைக்கு நிறைய வருவார்கள். ரிஃபாம்பிசின் என்னும் சிவப்பு மாத்திரையைக் கொடுக்கும்போதெல்லாம் அப்பா குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்கு செவப்பாப் போவும், ரத்தம்னு பயந்துடாதீங்க" என்பார். இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டு, இருமல் நின்று, உடம்பில் சதை பிடித்ததும் பலர் வருவதை நிறுத்திவிடுவார்கள். ஆறேழு மாதம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வருவார்கள். அப்போது பழைய மருந்து வேலை செய்யாது. பாதியில் விட்டதால் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டிருக்கும். "புது மருந்து ஒண்ணு வந்தாத்தான் இவங்களுக்கு வழி" என்று அப்பா சொல்வார். எட்டாம் வகுப்புப் படித்த என் மனத்தில் அந்தச் சொல் தங்கிவிட்டது. அந்தப் புது மருந்தை யார் செய்வார்கள், எப்படிச் செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டே வேதியியல் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பாம்பின் நஞ்சும் இரத்தக் கொதிப்பு மாத்திரையும்

நம் உடம்பிலும் கிருமியின் உடம்பிலும் எல்லா வேலைகளையும் செய்பவை புரதங்கள். ஒவ்வொரு புரதமும் மணிமாலை போன்ற ஒரு நீண்ட சங்கிலி. அது தாறுமாறாகக் கிடப்பதில்லை. மடங்கிச் சுருண்டு ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அடைகிறது. அந்த வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். புரதத்தின் வேலை நடக்கும் இடம் அதுதான். பெரும்பாலான மருந்துகள் செய்வது இவ்வளவே: அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்துகின்றன. பள்ளம் பூட்டு என்றால் மருந்து சாவி.

பழைய காலத்தில் பூட்டைப் பார்க்காமலேயே சாவி தேடினார்கள். காசநோய்க்கான ஐசோநயசிட் 1952-லேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அது கிருமியின் எந்தப் புரதத்தை முடக்குகிறது என்பது தெரியவர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. மருந்து பலித்தது, காரணம் தெரியவில்லை.

பூட்டை மனத்தில் உருவகித்து முதன்முதலாகச் சாவி வெட்டியவர்களில் டேவிட் குஷ்மன், மிகுவெல் ஒண்டெட்டி என்ற இருவரும் அடங்குவர். அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் இருந்தவர்கள். பிரேசில் நாட்டுக் குழிவிரியன் ஒன்றின் நஞ்சில், இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஒரு நொதியை முடக்கும் பொருள்கள் இருந்தன. ஆனால் அவற்றை ஊசியாகத்தான் போட முடியும். மாத்திரையாக விழுங்கினால் பயனில்லை. அந்த நொதியின் வடிவம் அப்போது யாருக்கும் தெரியாது. அதே போன்ற வேலையைச் செய்யும் வேறொரு நொதியின் வடிவம் தெரிந்திருந்தது. "இதுவும் அதைப் போலத்தான் இருக்க வேண்டும்" என்று தாளில் படம் போட்டு, அந்தப் பள்ளத்துக்குப் பொருந்தும் ஒரு சிறு மூலக்கூற்றை வடிவமைத்தார்கள். அதுதான் கேப்டோப்ரில். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் தம்பி தங்கைகள். "இந்த மாத்திரை வறட்டு இருமல் குடுக்கும், இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று அப்பா சொல்லிக் கொடுத்ததும் இந்தக் குடும்பத்து மாத்திரைகளைத்தான்.

அந்த மனித நொதியின் உண்மையான வடிவத்தை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரவி ஆச்சார்யா குழுவினர் 2003-இல்தான் கண்டு வெளியிட்டார்கள். பள்ளத்துக்குள் லிசினோப்ரில் உட்கார்ந்திருக்கும் படத்தோடு வெளியிட்டார்கள். சாவி செய்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் பூட்டைப் பார்த்தோம்.

சென்னையில் வரைந்த வரைபடம்

இந்தத் துறையில் நம்மவர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் உலகில் யாரும் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. அவர் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன். 1922-இல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பட்டம் பெற்று, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு மின்பொறியியல் படிக்க வந்தார். அங்கிருந்த சர் சி. வி. ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பின்பு கேம்பிரிட்ஜ் சென்று திரும்பினார். 1952-இல், முப்பது வயது நிறைவதற்குள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அழைத்தவர் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார்.

தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் என்ன என்பது அந்நாளில் பெரும் புதிர். கிண்டிப் பக்கத்தில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் நாரைப் பெற்று, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ஆராய்ந்தார் ராமச்சந்திரன். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அது என்று 1954-இல் "நேச்சர்" இதழில் எழுதினார். மறு ஆண்டே பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். டி.என்.ஏ வடிவத்தைக் கண்ட அதே கிரிக்தான். "உங்கள் அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் அணுக்கள் இருக்க முடியாது" என்பது அவர்களின் வாதம்.

வேறொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார், அல்லது ஒதுங்கியிருப்பார். ராமச்சந்திரன் அந்தக் குறையையே கேள்வியாக எடுத்துக்கொண்டார். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? வெளிவந்த படிகங்களின் அளவுகளையெல்லாம் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் திருப்ப முடியும். அந்த இரண்டு திருப்பு கோணங்களையும் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் இடிக்கின்றனவா இல்லையா என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்குப் போட்டார். மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. 1963-இல் வெளியானது. உலகம் அதை "ராமச்சந்திரன் வரைபடம்" என்று அழைக்கிறது.

அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சதுரக் கட்டம் ஒன்று. ஓரிரு திட்டுகளில் மட்டும் கோடு. மீதி, ஏறத்தாழ முக்கால் பங்கு, வெறுமை. பிறகுதான் புரிந்தது. அந்த வெறுமைதான் கண்டுபிடிப்பே. "இங்கே போகாதே, இங்கே அணுக்கள் இடிக்கும், இயற்கையில் இது இல்லை" என்று முக்கால் கட்டத்தை அடைத்துவிட்டார் அவர். எத்தனை கோடி வடிவங்களைத் தேட வேண்டிய வேலை அதனால் மிச்சமாயிற்று! இன்றைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டேன் என்று யார் சொன்னாலும், முதலில் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். வெறுமையான இடத்தில் நிறையப் புள்ளிகள் விழுந்தால், "மறுபடியும் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

1970-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் பெங்களூர் வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை என்பது நம் எல்லோருக்கும் உள்ள குறை. ஆனால் பரிசு பெற்ற பலரும் அவர் வரைந்த படத்தின் மேல் நின்றுதான் பெற்றார்கள்.

கணிப்பொறி என்ன செய்கிறது?

மருந்தாகும் தன்மையுள்ள சிறு மூலக்கூறுகள் எத்தனை இருக்கக்கூடும் என்று கணக்கிட்டவர்கள், ஒன்று போட்டுப் பின்னால் அறுபது சுழியம் என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனையையும் செய்து பார்க்க இந்த உலகத்தில் உள்ள பொருளே போதாது. ஆகவே, செய்யும் முன்பே கழிக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதைப் போல.

புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைக்கும் "புரோட்டீன் டேட்டா பேங்க்" 1971-இல் ஏழே ஏழு வடிவங்களோடு தொடங்கியது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் உள்ளன. எவரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். 1982-இல் கலிபோர்னியாவில் இர்வின் குன்ட்ஸ் என்பவரின் குழு, அந்தப் பள்ளங்களில் மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்க்கும் கணிப்பொறி முறை ஒன்றை வெளியிட்டது. 1997-இல் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கி "ஐந்தின் விதி" என்று ஒன்றைச் சொன்னார். மூலக்கூறு எடை 500-க்கு மேல் போனால், அல்லது எண்ணெய்த் தன்மை அளவுக்கு மிஞ்சினால், வாய்வழி மருந்தாக உடம்பில் சேர்வது கடினம் என்பது அதன் சாரம்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த 1990-களின் தொடக்கத்தில், புரதத்தைத் திரையில் சுழற்றிக் காட்டும் இயந்திரம் ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது. முறை வைத்துத்தான் உட்கார வேண்டும். என் முறை பெரும்பாலும் இரவு பதினோரு மணிக்கு வரும். அப்பா சைக்கிளில் வந்து வாசலில் காத்திருந்து அழைத்துப் போவார்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நம் நாட்டில் மருந்து செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை உண்டு, மருந்துக்குக் கிடையாது. அதனால் வெளிநாட்டு மருந்துகளை வேறு முறையில் செய்து மலிவாக விற்றார்கள். ஏழைகள் பிழைத்தார்கள். அடுகோடிக் கடையின் அலமாரிகள் நிரம்பியது அதனால்தான். புது மருந்து தேடும் வேலைதான் அதிகம் வளரவில்லை. 2005 ஜனவரி முதல் மருந்துக்கே காப்புரிமை என்று சட்டம் மாறியது. அந்தக் காலத்தை ஒட்டிப் பெங்களூரில் மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் பெருகின. என்னைப் போன்றவர்களுக்கு ஊரை விட்டுப் போகாமலேயே வேலை கிடைத்தது.

"ஏம்மா, உன் மருந்து எப்ப வரும்?"

வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில் எனக்கு ஒரு காசநோய்த் திட்டம் கிடைத்தது. 1998-இலேயே காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டுவிட்டது. ஏறத்தாழ நாலாயிரம் மரபணுக்கள். அதில் ஒரு நொதியைத் தேர்ந்தெடுத்தோம். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை கேட்பார்: "ஏம்மா, உன் மருந்து எப்ப கடைக்கு வரும்?"

இரண்டு லட்சம் மூலக்கூறுகளை அந்தப் பள்ளத்தில் பொருத்திப் பார்த்தேன். அறுபதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். சோதனைக் கூடத்தில் அவற்றில் நான்கு நொதியை நன்றாக முடக்கின. இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். ஆனால் அந்த நான்கையும் உயிருள்ள கிருமியின் மேல் போட்டால், கிருமி அசையவே இல்லை. காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகு பூசியது போன்றது. எங்கள் சாவி பூட்டுக்குச் சரிதான், வாசல் கதவைத் தாண்டி உள்ளே போக அதனால் முடியவில்லை. இரண்டரை ஆண்டுகள் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். பிறகு திட்டத்தை மூடிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பா கொடுத்த அந்தச் சிவப்பு மாத்திரை ரிஃபாம்பிசின் இருக்கிறதே, அதன் மூலக்கூறு எடை 823. ஐந்தின் விதிப்படி என் கணிப்பொறி அதை முதல் வரிசையிலேயே கழித்திருக்கும். பல ஆண்டுகளுக்குப் பின் வந்த புது காசநோய் மருந்தான பெடாகுவிலினும் பூட்டைப் பார்த்துச் செய்ததன்று. உயிருள்ள கிருமிகளின் மேலேயே போட்டுத் தேடிக் கண்டது. அமெரிக்காவில் அதற்கு 2012 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. கணக்குப் போடுகிறவர்களுக்கு அடக்கம் வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை இவை இரண்டும்.

திட்டம் மூடிய அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். "இத்தனை வருஷம் படிச்சு, கடைசியில 'இது ஆகாது, அது ஆகாது'ன்னு சொல்றதுதான் என் வேலையாப் போச்சுப்பா" என்று அழுதேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முப்பத்தெட்டு வருஷம் கடையில நின்னேன். எடுத்துக் குடுத்த மருந்து எதுவும் எனக்கு ஞாபகமில்லம்மா. குடுக்க மாட்டேன்னு சொன்னதுதான் ஞாபகத்துல இருக்கு. மாசமா இருக்கிற பொண்ணு ஒருத்தி சீட்டு இல்லாம டெட்ராசைக்ளின் கேட்டு வந்து நின்னா. முடியாதுன்னேன். மொதலாளிகூடத் திட்டினார். அந்தப் புள்ள இன்னைக்கு மைக்கோவுல வேலை செய்யுது. பல்லு முத்து மாதிரி இருக்கு."

டெட்ராசைக்ளின் கருவில் உள்ள குழந்தையின் பற்களைக் கறையாக்கும் என்பது வேதியியல் படித்த எனக்குத் தெரியும். அதைத் தடுத்து நின்றவர் ஒன்பதாம் வகுப்பு வரை படித்த என் அப்பா.

"இல்லை" என்பதன் விலை

அதற்குப் பின் என் வேலையை நான் பார்த்த விதமே மாறியது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தும்மல், அரிப்புக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் என்ற மாத்திரையைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். தனியாகச் சாப்பிட்டால் கல்லீரல் அதை உடனே வேறொரு பொருளாக மாற்றிவிடும். சில பூஞ்சை மருந்துகளோடும் எரித்ரோமைசினோடும் சேர்த்துச் சாப்பிட்டால் அந்த மாற்றம் தடைபடும். மாறாத மருந்து இரத்தத்தில் பெருகி, இதயத்தின் துடிப்பைச் சீர்செய்யும் ஒரு புரதத்தை அடைத்துவிடும். சிலர் இறந்தார்கள். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் அதை விலக்கிக்கொண்டார்கள். கல்லீரல் மாற்றித் தரும் அந்தப் பாதுகாப்பான பொருளையே நேரடியாக மருந்தாக்கினார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் ஃபெக்சோஃபெனடின் அதுதான்.

இந்த நிகழ்ச்சிக்குப் பின் எந்தப் புதிய மூலக்கூறும் அந்த இதயப் புரதத்தை அடைக்குமா என்று முன்கூட்டியே பார்க்கத் தொடங்கினார்கள். ஒருமுறை நாங்கள் மிகவும் நம்பியிருந்த ஒரு வரிசை மூலக்கூறுகளை, "இவை இதயத்துக்கு ஆகாது" என்று என் கணக்கு காட்டியது. கூட்டத்தில் சொன்னேன். ஓராண்டு உழைத்துச் செய்தவர்களுக்குக் கோபம் வராதா? "உன் கணிப்பொறிக்கு என்ன தெரியும்?" என்றார் ஒருவர். ரிஃபாம்பிசினை நினைத்துக்கொண்டு, "தவறாக இருக்கலாம். சோதித்துப் பாருங்கள்" என்றேன். சோதித்தார்கள். கணக்கு சரியாக இருந்தது. அந்த வரிசையைக் கைவிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் ஒரு கோப்பு மூடப்பட்டது, அவ்வளவுதான். அந்த மருந்து மனிதரிடம் சோதனைக்குப் போயிருந்தால் யாருடைய அப்பாவோ, யாருடைய அம்மாவோ அதை விழுங்கியிருப்பார்கள்.

மனிதரிடம் சோதனைக்குப் போகும் மருந்துகளிலேயே பத்தில் ஒன்றுதான் கடைக்கு வருகிறது. தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. முப்பது ஆண்டு உழைத்தும் நான் தொட்ட மூலக்கூறு ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. இதை வெட்கமில்லாமல் எழுத இப்போது என்னால் முடிகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. பேக்கர் புதிய புரதங்களை வடிவமைத்தவர். மற்ற இருவரும் செயற்கை அறிவைக் கொண்டு, புரதத்தின் சங்கிலியைப் படித்தே அதன் வடிவத்தைச் சொல்லும் "ஆல்ஃபாஃபோல்டு" முறையை உருவாக்கியவர்கள். இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்கு அது கணித்த வடிவங்கள் இப்போது எவருக்கும் கிடைக்கின்றன. "அப்படியானால் இனி மனிதருக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். அந்த இயந்திரம் சொல்லும் வடிவத்தையும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். பூட்டின் படம் எளிதாகக் கிடைக்கிறது என்பது உண்மை. சாவி கதவைத் தாண்டிப் போகுமா, இதயத்தைத் தொடுமா, கல்லீரல் அதை என்ன செய்யும் என்பதெல்லாம் இன்னும் நம் தலையில்தான்.

ஆகவே பெற்றோருக்குச் சொல்வேன். பிள்ளைக்கு வேதியியலில் ஆசை இருந்தால், "கம்ப்யூட்டர் படி, கெமிஸ்ட்ரியில் என்ன இருக்கிறது?" என்று தடுக்காதீர்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். பி.எஸ்ஸி.யில் கணிதத்தை விடாமல் வைத்துக்கொள்ளட்டும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர "ஜாம்" தேர்வும், ஆராய்ச்சி உதவித்தொகைக்கு "நெட்" தேர்வும் உள்ளன. உதவித்தொகை கிடைத்தால் வீட்டுக்குச் செலவில்லை. ஆனால் பொறியியல் படித்த அண்டை வீட்டுப் பிள்ளை இருபத்திரண்டு வயதில் சம்பளம் வாங்கும்போது, உங்கள் பிள்ளை முப்பதிலும் மாணவராக இருக்கலாம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு துணை நில்லுங்கள். "எப்ப முடியும், எப்ப கல்யாணம்?" என்று நாள்தோறும் கேட்டுத் தளர்த்திவிடாதீர்கள். என் அப்பா சைக்கிளோடு வாசலில் நின்றாரே, அப்படி நின்றால் போதும்.

அப்பா 2012-இல் காலமானார். கடைசிவரை அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஏம்மா, உன் மருந்து எப்ப வரும்?" திட்டம் மூடிய இரவுக்குப் பின் அந்தக் கேள்வி எனக்கு வலிக்கவில்லை. "வரலப்பா. இந்த மாசம் நாலு வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்பேன். "நல்லது" என்பார், மருந்துக் கணக்கு சரிபார்த்த மனிதரைப் போல.

அடுகோடியில் அந்தக் கடை இப்போது இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, அதே தெருவில் வேறொரு மருந்துக் கடையைப் பார்த்தேன். பலகையில் "கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்" என்றே எழுதியிருந்தது. உள்ளே ஓர் இளைஞன் யாரிடமோ கன்னடத்தில், "சீட்டு இல்லாமல் இதைத் தர முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வந்தேன்.